கடலூர் வீட்ல இருந்து பாண்டி ஆபீஸ் சர்வர்: விபிஎன்ல ஆட்டோகேட் ஃபைல் திறக்கவே ஏழு நிமிஷம் ஆகுது, யாராவது வழி சொல்லுங்க

கெடிலக்கரை
திங்கள், இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். நான் இருக்கறது கடலூர் மஞ்சக்குப்பம், வேலை பாண்டியில ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்ல. பழைய வீடுங்கள அளந்து டிராயிங் போட்டு பழுது பாக்கற வேலைதான் எங்களுக்கு அதிகம், தெருப்பக்கம் மரத்தூண் வெச்ச தால்வாரம், நடுவுல முற்றம், மரச்சட்டத்து மேல செங்கல் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரைன்னு ஒவ்வொரு வீட்டுக்கும் பத்து பதினஞ்சு ஷீட் வரும். அம்மாவுக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆகி இருக்கு, மூணு மாசம் கூடவே இருக்கணும், அதனால வீட்ல இருந்தே பண்றேன்னு கேட்டேன், சார் உடனே ஒத்துக்கிட்டாரு. ஆபீஸ்ல ஏற்கனவே மாச வாடகைக்கு ஒரு கிளவுட் விபிஎன் (வெளிய இருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள நுழைய பாதுகாப்பான பாதை) வெச்சிருக்காங்க, அதுல லாகின் குடுத்து சர்வர் ஃபோல்டர எனக்கு இசட் டிரைவா மாட்டி குடுத்துட்டாங்க.

கஷ்டம் என்னன்னா காலைல ஒரு ஃபைல திறக்கறதுக்கு ஏழு நிமிஷம் ஆகுது. நேத்து போன்ல டைமர் வெச்சே பாத்தேன், ஏழு நிமிஷம் இருவது செகண்டு. அதே ஃபைலு ஆபீஸ்ல அரை நிமிஷம் கூட ஆகாது. திறந்தப்பறமும் நிம்மதி இல்ல. தால்வாரத்து மரத்தூண் உச்சியில இருக்கற பூவேலைய வரைஞ்சிட்டு இருப்பேன், பாலிலைன்ல பாதி வளைவு வந்திருக்கும், அப்படியே உறைஞ்சி போயி வட்டம் சுத்த ஆரம்பிச்சிடும். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். திரும்பி வரும்போது கை எந்த இடத்துல விட்டுச்சுன்னே மறந்துடுது. சேவ் குடுத்தா எழுந்து போயி அம்மாவுக்கு மாத்திரை குடுத்துட்டு வரலாம், அவ்ளோ நேரம்.

வீட்ல ஃபைபர் 40 எம்பிபிஎஸ் இருந்தத 100 ஆக்கிட்டேன், ஒரு துளி வித்தியாசம் இல்ல. கம்ப்யூட்டர் 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் கார்டும் இருக்கு. ஃபைல் சைஸ் 30 எம்பி. தெரிஞ்சவங்க சொல்லுங்க, இப்படியே போனா சார் கிட்ட லீவு கேக்கறத தவிர வேற வழி தெரியல.

தேவனாம்பட்டினம்
திங்கள், இரவு 11:05

100 பத்தாதுங்க, 300 பிளான் போட்டு பாருங்க. வைஃபைய விட்டுட்டு கேபிள் மாட்டுங்க மொதல்ல.

கெடிலக்கரை
திங்கள், இரவு 11:12

கேபிள்லதான் இருக்கேன் அண்ணா. ஸ்பீடு டெஸ்ட் போட்டா 96, 97 காட்டுது. அதான் புரியல.

வில்லியனூர் நெட்வொர்க்
செவ்வாய், காலை 7:20

பிளான மாத்தாதீங்க, காசு வீண். இத நான் நாலஞ்சி ஆபீஸ்ல பாத்துட்டேன், எல்லாரும் மொதல்ல ஸ்பீடத்தான் ஏத்தறாங்க. கணக்கா சொல்றேன் பாருங்க. 30 எம்பி ஃபைலுன்னா 240 மெகாபிட், 100 எம்பிபிஎஸ் லைன்ல ரெண்டரை செகண்டுல வந்து எறங்கிடணும். சரி, உங்களுக்கு டவுன்லோடு ஆகறது ஆபீஸ் பக்கத்துக்கு அப்லோடு, அங்க அப்லோடு வெறும் 20தான்னு வெச்சிக்கிட்டாலும் 12 செகண்டு. ஏழு நிமிஷம் எங்க இருந்து வந்துச்சு?

தாமதத்துல இருந்து வந்துச்சு. விண்டோஸ்ல ஷேர்டு ஃபோல்டர் ஓடறது எஸ்எம்பி மொறையில. அது ஃபைல மொத்தமா தூக்கிட்டு வராது. இந்த ஃபைல் இருக்கா, இருக்கு, எனக்கு அனுமதி இருக்கா, இருக்கு, இந்தத் துண்ட குடு, இந்தா, அடுத்த துண்டு, இந்தான்னு ஒவ்வொன்னுக்கும் கேள்வி போயி பதில் வரணும். ஆட்டோகேட் ஒரு டிராயிங்க திறக்கும்போது அந்த ஒரு ஃபைல மட்டும் கேக்காது, எக்ஸ்ரெஃப் (இந்த டிராயிங்குல இணைச்சிருக்கற வேற டிராயிங் ஃபைலு) ஒவ்வொன்னு, உள்ள சொருகின போட்டோ ஒவ்வொன்னு, எழுத்து ஃபான்ட், பிளாட் ஸ்டைல் (பிரிண்டுல கோட்டுத் தடிப்பும் கலரும் சொல்ற ஃபைலு), எல்லாத்தையும் தேடும். உதாரணத்துக்கு 4000 தடவ போய் வருதுன்னு வெச்சிக்கோங்க. ஆபீஸுக்குள்ளயே இருக்கற நெட்வொர்க்குல, அதான் லேன்ல, ஒரு நடைக்கு 1 மில்லி செகண்டு, மொத்தம் 4 செகண்டு, யாரும் கவனிக்கவே மாட்டாங்க. அதே நடை 50 மில்லி செகண்டு ஆனா 200 செகண்டு. இதுல லைன் 100ஆ 300ஆங்கறது ஒன்னும் பண்ணாது, ஏன்னா குழாய் அகலத்துல பிரச்சன இல்ல, ஒவ்வொரு சொம்புக்கும் கெணத்துக்கு போயி வர்றதுல இருக்கு.

இப்ப ஒன்னு பண்ணுங்க. விபிஎன் மாட்டிட்டு சர்வர் ஐபிக்கு பிங் போட்டு, ஒரு நடை போயி வர எத்தன மில்லி செகண்டு ஆகுதுன்னு இங்க எழுதுங்க. விபிஎன் கம்பெனியோட சர்வர் எந்த ஊர்ல இருக்குன்னும் செட்டிங்ஸ்ல பாருங்க.

கெடிலக்கரை
செவ்வாய், காலை 9:50

46ல இருந்து 52க்குள்ள வருது சார். ஊர் மும்பைன்னு போட்டிருக்கு.

வில்லியனூர் நெட்வொர்க்
செவ்வாய், காலை 10:15

அதான். மஞ்சக்குப்பத்துக்கும் பாண்டிக்கும் ரோட்ல இருவத்தஞ்சி கிலோமீட்டர் கூட வராது. ஃபைபர்ல வெளிச்சம் ஒரு மில்லி செகண்டுல சுமார் 200 கிலோமீட்டர் ஓடும், நேரா ஒரு கம்பி இருந்தா போய் வர அரை மில்லி செகண்டு கூட வேணாம். ஆனா உங்க வீட்ல இருந்து கேக்கற ஒவ்வொரு கேள்வியும் மும்பை போயி பாண்டி வந்து, பதில் மறுபடி மும்பை போயி கடலூர் வருது. ரெண்டு பேர் நெட்டும் வேற வேற கம்பெனியா இருந்தா நடுவுல சென்னையில போய் சேர்றத தடுக்க முடியாது, அது பரவால்ல, மும்பைய எடுத்தாலே பாதிக்கு மேல கொறையும்.

ஆபீஸ் ரவுட்டர்லயே வயர்கார்டுன்னு ஒரு விபிஎன் வசதி இருக்கான்னு கேளுங்க, இருந்தா நடுவுல எவனும் இல்லாம நேரா உங்க வீட்டுக்கும் ஆபீஸுக்கும் இணைப்பு போடலாம். அதுக்கு ஆபீஸ் பக்கம் பப்ளிக் ஐபி, அதாவது வெளிய இருந்து நேரா வந்து சேரக்கூடிய நெட் விலாசம், வேணும். நம்ம ஊர் ஃபைபர் பிளான் நெறையத்துல பல வீட்டுக்கு சேத்து ஒரே ஐபி குடுக்கறாங்க, அதுல வெளிய இருந்து உள்ள வர முடியாது, அதனால மாறாத ஸ்டாட்டிக் ஐபின்னு தனியா கேட்டு வாங்கணும். ஓபன்விபிஎன்னு பழைய விபிஎன் சாஃப்ட்வேர் வெச்சிருக்கற யாராவது இத படிச்சா, அது டிசிபியில (தொலைஞ்சத திருப்பி அனுப்பற மொறை) ஓடுதா, யுடிபியிலயா (திருப்பி அனுப்பாத மொறை)ன்னு பாருங்க. டிசிபிக்குள்ள டிசிபி ஓட்டினா ஒரு பாக்கெட் தொலைஞ்சாலும் ரெண்டு பக்கமும் திருப்பி அனுப்ப ஆரம்பிச்சி மொத்தமா நின்னுடும். யுடிபிக்கு மாத்துங்க.

பழைய டிரேசிங் ஷீட்
செவ்வாய், மதியம் 2:30

வில்லியனூர் தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா நடைய சுருக்கறது ஒரு பக்கம்னா, நடக்க வேண்டிய தடவையையே கொறைக்கறது இன்னொரு பக்கம். அது ஐடிகாரங்க வேலை இல்ல, வரையறவங்க வேலை. நான் முத்தியால்பேட்ட, முப்பத்தி ரெண்டு வருஷமா டிராஃப்ட்ஸ்மேன். போர்டுல டி-ஸ்கொயர் வெச்சி ஆரம்பிச்சவன்.

கெடிலக்கரை அம்மா, நீங்க அந்த ஃபைல திறந்து எக்ஸ்ரெஃப் பேலட்ட எடுத்து பாருங்கம்மா. எத்தனை வரி இருக்கு, அதுல எத்தனைக்கு நாட் ஃபவுண்டுன்னு வருது, பாத் (ஃபைல் இருக்கற எடம்) என்னன்னு இருக்குன்னு எழுதுங்க. அப்பறம் கன்ட்ரோல் பேனல்ல உங்க வீட்டு கம்ப்யூட்டரோட டிஃபால்ட் பிரிண்டர் எதுன்னு பாருங்க. ஆப்ஷன்ஸ்ல ஃபைல்ஸ் டேப்ல சப்போர்ட் ஃபைல் சர்ச் பாத்துக்குள்ள ஆபீஸ் சர்வர் ஃபோல்டர் இருக்கா, ஆட்டோமேட்டிக் சேவ் எங்க போகுது. இந்த நாலும் பாத்துட்டு வாங்க, மீதி சொல்றேன்.

கெடிலக்கரை
செவ்வாய், இரவு 9:15

ஐயா, நீங்க கேட்டத எல்லாம் பாத்தேன்.

எக்ஸ்ரெஃப் 23 இருக்கு. அதுல 9 நாட் ஃபவுண்டு. அந்த ஒம்போதும் நாலு வருஷம் முன்னாடி ஆபீஸ்ல இருந்த பழைய சர்வர் பேர்ல இருக்கு, அந்த மெஷினே இப்ப இல்ல. முன்னாடி ஒரு வீட்டுக்கு போட்ட டெம்ப்ளேட்ட காப்பி பண்ணி காப்பி பண்ணி வந்திருக்கு போல. டிஃபால்ட் பிரிண்டர் ஆபீஸ் ஏ1 பிளாட்டர். சப்போர்ட் பாத்துல மொத வரியே சர்வர் ஃபோல்டர், எங்க ஆபீஸ் பிளாக்கும் ஃபான்டும் அங்கதான் இருக்கு. ஆட்டோசேவும் சர்வர்லதான் போகுது, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ. யாராவது கம்ப்யூட்டர் கெட்டு போனாலும் வேலை போகக்கூடாதுன்னு அப்போ அப்படி வெச்சாங்களாம்.

எழுதும்போதே எனக்கு புரியுது, அந்த பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ உறையறது ஆட்டோசேவ்தானே ஐயா?

பழைய டிரேசிங் ஷீட்
செவ்வாய், இரவு 10:00

அதேதான்ம்மா. நல்லா புடிச்சீங்க.

ஒவ்வொன்னா சொல்றேன், அவசரப்படாம பண்ணுங்க. இல்லாத சர்வர தேடறதுதான் எல்லாத்துலயும் கொடும. இருக்கற ஃபைலுக்கு பதில் உடனே வந்துடும், இல்லாத மெஷினுக்கு யார் பதில் சொல்லுவா? விண்டோஸ் அந்த பேர ஒரு வழியில கேட்டு பாக்கும், இன்னொரு வழியில கேட்டு பாக்கும், காத்துக்கிட்டே இருந்துட்டு கடைசியில இல்லன்னு சொல்லும். ஒன்னொன்னுக்கும் பல செகண்டு. உங்களுக்கு ஒம்போது. அத அன்லோடு பண்ணா போதாது, டீட்டாச் பண்ணணும். எது நெஜமாவே வேண்டாதது எது எடம் மாறினதுன்னு சார் கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு பண்ணுங்க, எடம் மாறினதுக்கு அந்த பாத்-ஐ ரிலேட்டிவ்னு (இந்த டிராயிங் இருக்கற ஃபோல்டர வெச்சி சொல்ற எடம்) மாத்துங்க. ஆட்டோகேட் 2018ல இருந்து புதுசா மாட்டறது எல்லாம் ரிலேட்டிவாத்தான் வரும், பழைய டெம்ப்ளேட்டுல இருந்து வர்றதுலதான் இந்த முழு பாத் ஒட்டிக்கிட்டு வருது.

பிரிண்டர நிறைய பேர் நம்ப மாட்டாங்க. ஆட்டோகேட் தொடங்கும்போதும் டிராயிங் திறக்கும்போதும் டிஃபால்ட் பிரிண்டர் கிட்ட போயி பேப்பர் சைஸ் எல்லாம் விசாரிக்கும். பாண்டி பிளாட்டர் ஆஃப்ல இருந்தா அங்கயும் காத்திருப்பு. வீட்டு கம்ப்யூட்டர்ல டிஃபால்ட்ட பிடிஎஃப் பிரிண்டர்னு மாத்திடுங்க. விண்டோஸே பிரிண்டர முடிவு பண்ற டிக்க எடுத்துடுங்க, இல்லன்னா திரும்ப மாத்திடும். லே-அவுட்டுக்குள்ள பேஜ் செட்டப்லயும் அந்த பிளாட்டர் பேர் இருக்கும், அதையும் 'நன்' (எதுவும் இல்ல)ன்னு வெச்சிடுங்க, பிரிண்ட் எடுக்கறப்போ ஆபீஸ்ல எடுக்கறவங்க மாத்திப்பாங்க.

ஃபான்ட், பிளாக், பிளாட் ஸ்டைல் ஃபோல்டர அப்படியே உங்க சி டிரைவுக்கு காப்பி பண்ணி, சப்போர்ட் பாத்துல அத மேல வெச்சி சர்வர் வரிய எடுத்துடுங்க. ஆட்டோசேவ் பாத் உங்க எஸ்எஸ்டிக்கு. எக்ஸ்லோட்சிடிஎல் வேரியபிள் 2ல இருக்கான்னு பாருங்க, 2ன்னா எக்ஸ்ரெஃப்ப உங்க டெம்ப் ஃபோல்டர்ல ஒரு காப்பி எடுத்து வெச்சி வேலை செய்யும்.

அப்பறம் ஃபைல கழுவுங்க. ஒரு காப்பிய வெச்சிட்டு ஆடிட் (தப்ப தேடி சரி பண்ணும்), அப்பறம் பர்ஜ் (பயன்படாதத அழிக்கும்), அப்பறம் ஹைஃபன் போட்ட பர்ஜ்ல ரெக்ஆப்ஸ் (வேற சாஃப்ட்வேருங்க விட்டுட்டு போன பதிவுங்க). சர்வே ஆளுங்க குடுக்கற ஃபைல்ல டிஜிஎன் லைன்டைப் (வேற சாஃப்ட்வேர்ல இருந்து வந்த கோட்டு வகை) ஆயிரக்கணக்குல ஒட்டிக்கிட்டு வரும், கண்ணுக்கு தெரியாது, அதான் 30 எம்பியா ஊதி இருக்கும்.

தேவனாம்பட்டினம்
புதன், காலை 8:10

சேவ் பண்றப்போ முந்தின காப்பிய பேக் ஃபைலா எடுத்து வெக்கற ஐசேவ்பேக்க 0 ஆக்கினா சேவ் வேகமா ஆகும்னு படிச்சேன், அதையும் பண்ணலாமே.

பழைய டிரேசிங் ஷீட்
புதன், காலை 8:45

வேகமாகும்தான், ஆனா நான் பண்ண மாட்டேன் தம்பி. பேக் ஃபைல் என்னைய எத்தன தடவ காப்பாத்திருக்குன்னு எனக்குத்தான் தெரியும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெங்கல் புயல் பாண்டி கிட்ட கரைய கடந்துச்சே, அன்னிக்கி சாயந்தரம் கரண்ட் போறதும் வர்றதுமா இருந்தப்போ எங்க ஆபீஸ்ல ஒரு பையன் வீட்ல இருந்து விபிஎன்ல நேரா சர்வர்ல சேவ் குடுத்திருக்கான், பாதியில லைன் அறுந்துச்சி. ஃபைல் திறக்கவே இல்ல. ரெக்கவர் போட்டோம், பாதி வந்துச்சி, ஒரு முழு மாடி காணோம். பேக் ஃபைல பேர் மாத்தி திறந்ததுல ஒரு மணி நேர வேலையோட போச்சு, இல்லன்னா ரெண்டு வாரம். வேகம் வேணும்னா எக்ஸ்பிரஸ் டூல்ஸ்ல மூவ்பேக்னு இருக்கு, பேக் ஃபைல உங்க டிஸ்க்குக்கு திருப்பி விட்டுடலாம். நிறுத்தாதீங்க.

லாஸ்பேட்ட ரெவிட்
புதன், காலை 11:30

ரெவிட்னு 3டி கட்டட மாடல் சாஃப்ட்வேர் ஓட்டறவங்களும் இத படிப்பாங்க, அதனால சொல்றேன். எல்லாரும் சேந்து வேலை செய்யற சென்ட்ரல் மாடல விபிஎன் வழியா திறந்து வேலை செய்யறது வேகம் மட்டும் இல்ல, மாடலே கெட்டு போற ஆபத்து. உங்க லோக்கல் காப்பில வேலை பண்ணாலும் சின்க் குடுக்கும்போது அத்தனையும் அந்த லைன்லதான் போகும், நடுவுல அறுந்தா ஆபீஸ்ல எல்லார் வேலையும் நிக்கும். எங்களோடது நாலு பேர் டீம், ரெண்டு பேர் வெளியூரு, கிளவுட் வொர்க்ஷேரிங் வாங்கிட்டோம். செலவுதான், ஆனா அது அந்த வேலைக்குன்னே செஞ்சது. வாங்க முடியலன்னா ஆபீஸ் கம்ப்யூட்டர ரிமோட்ல எடுத்து ஓட்டுங்க, வேற வழி இல்ல.

கெடிலக்கரை
புதன், இரவு 10:20

இன்னிக்கி முழுக்க உக்காந்து ஐயா சொன்னது அத்தனையும் பண்ணிட்டேன். ஒம்போதுல ஏழு வேண்டாததுன்னு சார் சொன்னாரு, ரெண்டு எடம் மாறினது. கழுவினதுல ஃபைல் 30 எம்பியில இருந்து 6 எம்பிக்கு வந்துடுச்சி, நான் ஏதோ அழிச்சிட்டேனோன்னு பயந்து ஒவ்வொரு ஷீட்டா பழைய பிடிஎஃபோட வெச்சி பாத்தேன், ஒரு கோடு கூட போகல.

திறக்கறது இப்ப ஒரு நிமிஷம் அம்பது செகண்டு. மும்பை அப்படியே இருக்கு, இன்னும் அத தொடவே இல்ல. சாயந்தரம் தூண் வேலைய முடிச்சேன், ஒரு தடவ கூட உறையல. ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

ரெட்டிச்சாவடி
வியாழன், காலை 9:00

நாங்க ஃபிளக்ஸ், விசிட்டிங் கார்டு டிசைன். கோரல்டிராதான். இவ்ளோ சிரமமே படறதில்ல, காலைல ஃபைல லோக்கல்ல காப்பி பண்ணுவோம், வேலை முடிச்சி சாயந்தரம் திருப்பி போடுவோம். 200 எம்பி ஃபைலா இருந்தாலும் ஒரே மூச்சுல காப்பி ஆயிடுது. நீங்களும் அதையே பண்ணலாமே?

வில்லியனூர் நெட்வொர்க்
வியாழன், காலை 9:40

ஒரே மூச்சுல காப்பி ஆகறதுக்கு காரணமும் அதே கணக்குதான். காப்பி பண்ணும்போது விண்டோஸ் பெரிய பெரிய துண்டா, ஒன்னுக்கு பதில் வர்றதுக்கு முன்னாடியே அடுத்தத கேட்டு வரிசையா இழுக்கும். அங்கதான் உங்க 100 எம்பிபிஎஸ்ஸுக்கு வேலை. தனியா ஒருத்தர் பண்ற வேலைக்கு நீங்க சொல்றது நல்ல வழி.

பழைய டிரேசிங் ஷீட்
வியாழன், காலை 10:30

தனியாளா இருந்தா சரி. ரெண்டு பேர் ஒரே டிராயிங்க தொடற ஆபீஸ்ல காப்பி எடுத்து போனா பூட்டு போயிடும். சர்வர்ல இருக்கற ஃபைல ஒருத்தர் திறந்தா பக்கத்துல டிடபிள்யூஎல்னு ஒரு குட்டி ஃபைல் உக்காந்துக்கிட்டு, இத இன்னார் வெச்சிருக்காருன்னு அடுத்தவங்களுக்கு சொல்லும். நீங்க காப்பி எடுத்து போனத அது எப்படி சொல்லும்? காலைல ரெண்டு பேரும் காப்பி எடுப்பீங்க, சாயந்தரம் கடைசியா திருப்பி போட்டவங்களுது மட்டும் மிஞ்சும், இன்னொருத்தர் நாள் முழுக்க வரைஞ்சது போயிடும்.

போர்டு காலத்துல ஒரிஜினல் டிரேசிங் பெரிய டிராயர்ல படுத்திருக்கும். எடுக்கறவங்க நோட்டுல தேதி, ஷீட் நம்பர், கையெழுத்து போட்டுட்டுத்தான் எடுக்கணும், திருப்பி வெச்சா அடிக்கணும். எங்க ஆபீஸ்ல வீட்ல இருந்து வேலை செய்யறவங்களுக்கு மறுபடி அந்த நோட்டையே கொண்டு வந்துட்டோம், இப்ப அது வாட்ஸ்ஆப் குரூப்பு. "ஷீட் 7 எடுக்கறேன்", "ஷீட் 7 வெச்சிட்டேன்". எடுத்ததுமே சர்வர்ல இருக்கற ஃபைல் பேர் பின்னாடி எடுத்தவங்க பேர சேத்துடுவோம், அப்ப மறந்துகூட யாரும் திறக்க மாட்டாங்க. எக்ஸ்ரெஃப் எல்லாம் சேத்து எடுக்கணும்னா இ-டிரான்ஸ்மிட் குடுங்க, ஃபான்ட் உள்பட ஒரே மூட்டையா கட்டி குடுக்கும்.

கெடிலக்கரை
வியாழன், இரவு 9:30

எங்க ஆபீஸ்ல எலிவேஷன நானும் இன்னொரு அக்காவும் மாத்தி மாத்தி தொடுவோம், அதனால காப்பி எனக்கு பயமா இருக்கு. சார் ஸ்டாட்டிக் ஐபிக்கு எழுதி குடுத்துட்டாரு, ரவுட்டர்ல வயர்கார்டு இருக்காம். அதோட ஒரு யோசன சொன்னாரு, என்னோட ஆபீஸ் கம்ப்யூட்டர் சும்மாதானே இருக்கு, அதையே வீட்ல இருந்து ரிமோட் டெஸ்க்டாப்ல ஓட்டலாமேன்னு. அதுல டிராயிங் வரைய முடியுமா? மவுஸ் இழுக்கும்போது தாமதம் தெரியாதா?

வில்லியனூர் நெட்வொர்க்
வியாழன், இரவு 10:10

நானே வயர்கார்டு முடிஞ்சதும் அதத்தான் சொல்லலாம்னு இருந்தேன். உங்க மொத்த கஷ்டத்துக்கும் வேர் எதுன்னா டிராயிங்கும் சாஃப்ட்வேரும் வேற வேற ஊர்ல இருக்கறதுதான். ரெண்டையும் ஒரே எடத்துல வெச்சிட்டா அந்த ஆயிரக்கணக்கான நடையும் ஆபீஸ் லேனுக்குள்ளயே முடிஞ்சிடும், உங்க வீட்டுக்கு வர்றது திரை மட்டும், போறது மவுசும் கீபோர்டும் மட்டும். டிடபிள்யூஎல் பூட்டும் வழக்கம் போல வேலை செய்யும், உங்க வீட்ல கரண்ட் போனாலும் திரைதான் அணையும், ஃபைல் அங்க திறந்தபடியே பத்திரமா இருக்கும். 50 மில்லி செகண்டுல மவுஸ் கொஞ்சம் பின்தங்கும், தெரியும். 20க்கு கீழ வந்துட்டா ரெண்டே நாள்ல கை பழகிடும்.

பண்ண வேண்டியது: ஆபீஸ் கம்ப்யூட்டர்ல விண்டோஸ் புரோ இருக்கணும், ஹோம்ல வெளிய இருந்து உள்ள வர விடாது. குரூப் பாலிசியில ரிமோட் டெஸ்க்டாப் செஷனுக்கு கிராஃபிக்ஸ் கார்ட பயன்படுத்துன்னு ஒரு வரி இருக்கு, அத எனேபிள் பண்ணலன்னா கார்டு இருந்தும் 3டி தடுமாறும். ஸ்லீப் போறத நிறுத்துங்க. பயாஸ்ல கரண்ட் போயி வந்தா தானா ஆன் ஆகற மாதிரி வைங்க, நம்ம ஊர் மழைக்கு அது கட்டாயம்.

ஒன்னு மட்டும் கை எடுத்து கும்பிட்டு சொல்றேன். விபிஎன் இல்லாம ரவுட்டர்ல ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்ட நேரா தொறந்து விட்டு ரிமோட் பண்ணாதீங்க. சுலபம்னு யாராவது சொல்லுவாங்க. நான் பாத்த ஒரு ஆபீஸ்ல அப்படி தொறந்து வெச்சி பாஸ்வேர்ட கண்டுபுடிச்சி உள்ள வந்து சர்வர் மொத்தத்தையும் பூட்டிட்டு பணம் கேட்டாங்க. பத்து வருஷ டிராயிங். மொதல்ல வயர்கார்டு, அதுக்குள்ளதான் ரிமோட் டெஸ்க்டாப்.

லாஸ்பேட்ட ரெவிட்
வெள்ளி, காலை 8:00

லைசென்ஸ் பத்தியும் ஒரு வார்த்த. உங்க பேர்ல இருக்கற லாகின்ன ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டு அதுலயே ஓட்டுங்க, வீட்டு கம்ப்யூட்டர்ல திறந்திருந்தா மூடிடுங்க.

கெடிலக்கரை
அடுத்த வெள்ளி, இரவு 10:50

ஒரு வாரம் கழிச்சி வர்றேன், மன்னிக்கணும், ஸ்டாட்டிக் ஐபி வர புதன் ஆயிடுச்சி. வியாழக்கெழம ஆபீஸ் ரவுட்டர்ல வயர்கார்டு போட்டாங்க. மொதல்ல பிங் நல்லா வந்துச்சி ஆனா ஃபோல்டர் திறந்தா தொங்குச்சி. வில்லியனூர் சாருக்கு மெசேஜ் போட்டேன், எம்டியுவ (ஒரே துண்டா அனுப்பக்கூடிய பெரிய அளவு) பாக்க சொன்னாரு. வயர்கார்டு வழியாவே சர்வருக்கு துண்டாக்காம பிங் போட்டு அளவ கொறைச்சிக்கிட்டே வந்து, எதுல பதில் வந்துச்சோ அதோட 28 கூட்டி வயர்கார்டுல அந்த நம்பர போட்டோம், சரியாயிடுச்சி.

இப்ப பிங் 14. இசட் டிரைவ்ல நேரா திறந்தா 40 செகண்டு சொச்சம். ரிமோட்ல திறந்தா ஆபீஸ்ல ஆகற அதே நேரம். இன்னிக்கி காலைல இருந்து ரிமோட்லதான் வேலை செஞ்சேன். மொத ஒரு மணி நேரம் மவுஸ் ஒரு நூல் பின்னாடி வர்ற மாதிரி இருந்துச்சி, புள்ளியில தானா ஒட்டிக்கற ஸ்னாப் வெச்சி வரையறதால அளவு தப்பல, மதியத்துக்கு மேல கவனிக்கவே மறந்துட்டேன். ஃப்ரீஹேண்டா ஸ்கெட்ச் போடணும்னா மட்டும் வீட்டு கம்ப்யூட்டர்ல போட்டு அப்பறம் அனுப்பறேன்.

அம்மா வாக்கர் புடிச்சி வாசல் வரைக்கும் நடந்தாங்க இன்னிக்கி. நானும் கூடவே நடந்தேன், வேலை நிக்கல.

பழைய டிரேசிங் ஷீட்
அடுத்த வெள்ளி, இரவு 11:05

ரொம்ப சந்தோஷம்மா. அம்மாவ பாத்துக்கோங்க. அந்த டெம்ப்ளேட் ஃபைல கழுவினீங்களா? அத விட்டுட்டா அடுத்த வீட்டுக்கு காப்பி எடுக்கும்போது அந்த ஒம்போதும் திரும்ப வந்துடும்.

கெடிலக்கரை
அடுத்த வெள்ளி, இரவு 11:10

இன்னும் இல்ல ஐயா. நாளைக்கு காலைல மொத வேலையா அதத்தான் பண்ணப்போறேன்.